வீங்கின பேட்டரியும் ஒரு வாளி மணலும்

பேட்டரி வேலை செய்கிறவர்களுக்கும் சபை உபதேசியாருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: இரண்டு பேரும் நெருப்பைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருப்போம், கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்த் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள்.

தக்கலையில் என் கடை. கடை என்றால் பாதிக் கடை. மறுபாதி பீர்முகமது காக்காவுடையது. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். நான் கம்பியில்லாமல் ஓடுகிற சாமான்களுக்கெல்லாம் பேட்டரி மாற்றுகிறவள்: டிரில், டிரிம்மர், தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்பு, நெற்றி லைட், பவர் பேங்க். பன்னிரண்டு வருடமாக இதே ஸ்டூல்தான். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் காக்காவிடம் போய், பேட்டரி பார்க்கிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். அவர் என்னைக் கை காட்டுவார். அவர்கள் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்ப்பார்கள்.

சுவரில் ஆள் கிடையாது. ஒரு அட்டை தொங்கும். அதில் என் கையெழுத்தில் மூன்று வரி. ஒன்று, வீங்கின பேட்டரியைக் குத்தக் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டு, நனைந்ததைச் சார்ஜில் போடக் கூடாது. மூன்று, காவல் போர்டு இல்லாமல் எந்தப் பேட்டரியும் இந்தக் கடையைவிட்டு வெளியே போகாது. முதல் இரண்டையும் ஊரே மீறுகிறது. மூன்றாவதை மீறியது நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன், ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் நம்மவர்கள்தான் என்கிற தைரியத்தில் மெல்ல வருகிறேன். உங்கள் மேசை டிராயரிலும் முதுகு உப்பிய பழைய போன் ஒன்று, என்றைக்காவது உதவும் என்று கிடக்கத்தானே செய்கிறது?

முதல் மணல்

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு பவர் பேங்கைப் பிரித்தேன். உள்ளே இருந்த தட்டை பேட்டரி, ஈரத்தில் ஊறிய அப்பளம்போல உப்பிக் கிடந்தது. பசையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பாலிடெக்னிக்கில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பாக ஒரு வாடை. அடுத்த நொடி வெள்ளைப் புகை, அதற்குப் பின்னால் தீ.

நான் அதைத் தூக்கி வாசலுக்கு வீசினேன். விழுந்த இடத்திலும் எரிந்தது. பக்கத்தில் கட்டிட வேலைக்காக மணல் கொட்டியிருந்தார்கள். காக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் இரண்டு கையாலும் மணலை அள்ளி அதன்மேல் கொட்டினார். அடங்கியது என்று நினைத்தபோது மணலுக்குள்ளிருந்து மறுபடி புகைந்தது. கால்மணி நேரம் இரண்டு பேரும் அதற்குக் காவல் நின்றோம். மறுநாள் காலையில் வாசலில் ஒரு இரும்பு வாளி நிறைய மணல் இருந்தது. வைத்தவர் அவர். மணலைக் குனிந்து கையால் சமப்படுத்திக்கொண்டே சொன்னார்:

"பிள்ளே, மோட்டாரு சொல்லீட்டாக்கும் புகையும். ஒனக்க சரக்கு சொல்லாமப் புகையுது."

மாம்பழ மருந்து

லில்லி புஷ்பம் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறவர், சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். மகன் ஜெபின் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். ஒரு நாள் அக்கா கைக்குட்டையில் சுற்றி ஒரு சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகனுக்கு அங்கே தூசியில் இளைப்பு வந்துவிட்டதாம், அங்கத்து டாக்டர் கொடுத்த மருந்து மிஷினாம், இரண்டு நாளாகச் சார்ஜ் நிற்கவில்லையாம். பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறானே என்று, அவனிடம் சொல்லாமலே எடுத்துவந்திருக்கிறார்.

பிரித்தேன். அது மின்சாரச் சிகரெட். இங்கே விற்கத் தடை உள்ள சாமான், வருகிறவர்கள் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். சின்னச் சாமான்தானே, சீக்கிரம் ஏறட்டும் என்று அக்கா அதை வீட்டில் இருந்ததிலேயே பெரிய சார்ஜரில் மாட்டியிருக்கிறார். உள்ளே பேட்டரிச் செல்லின் மேலுறை சுருண்டு, ஓரம் கறுத்து இருந்தது. வாயருகே வைத்து இழுக்கிற சாமானில் இப்படி ஒரு செல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது என்ன சாமான் என்று அக்காவுக்குத் தெரியாது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே நான் ஏன் நிற்க வேண்டும்? செல்லை எடுத்து மணலில் போட்டேன். இது கெட்டுப்போனது, கையில் வைத்திருந்தால் முகம் வெந்துவிடும், மகனை நேரில் வரச் சொல்லுங்கள் என்றேன். அக்காவுக்கு ஏமாற்றம். வெறும் குழாயை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"நல்ல மருந்தாக்கும் பிள்ளே, மாம்பழ மணம். நானும் ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தேன், நெஞ்சுச் சளிக்குக் கொள்ளாம்."

ஜெபவேளை

ஜெபின் வந்தான். முகம் சிவந்திருந்தது. அம்மாவிடம் சொல்லாததற்கு நன்றி என்றான். கையோடு, அங்கிருந்து கொண்டுவந்த மாற்றுச் செல் இரண்டைப் பேண்ட் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அதே பையிலிருந்து பைக் சாவியும் சில்லறையும் கூடவே வந்தன. இப்படி வைக்காதே, சாவி இரண்டு முனையையும் தொட்டால் போதும், செல் நெருப்புக்கட்டி ஆகிவிடும், பிளாஸ்டிக் டப்பாவில் போடு என்று ஒரு டப்பாவையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அதில் என்ன போட்டு வைத்தான் என்று தெரியாது. செல் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் நீண்ட ஜெபம் ஏறெடுத்துக்கொண்டிருந்தார். சபை முழுக்கக் கண்ணை மூடியிருந்தது. ஜெபின் மட்டும் திடீரென்று எழுந்தான், குதித்தான், தொடையில் அடித்துக்கொண்டே நடுப்பாதையில் வெளியே ஓடினான். பேண்ட் பை பொசுங்கி, தொடையில் சாவி வடிவத்திலேயே ஒரு கொப்புளம். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை, அக்கா அந்தப் பேண்டையே பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டியபோது. மருந்து மிஷின் பற்றிய உண்மையும் ஆஸ்பத்திரியில் வைத்தே வெளியே வந்துவிட்டதாம். ஆனால் அக்காவின் மனத்தாங்கல் அதில் இல்லை.

"ஆவியில நெறஞ்சாம்ணு நெனச்சு நான் சத்தமாட்டு தோத்திரம் சொல்லீட்டேன் பிள்ளே. பெறவாக்கும் துணி கரியுத மணம் வந்தது."

ஐஸ் வைத்தியம்

கடியப்பட்டணத்திலிருந்து சூசை அண்ணன் வருவார். வள்ளத்துக்குக் கொண்டுபோகிற சார்ஜ் லைட்டுகளை என்னிடம்தான் கொடுப்பார். உப்புத்தண்ணீர் பேட்டரிக்கு ஜென்மப் பகை. ஆகவே அடிக்கடி வருவார், வரும்போது மீனும் வரும். ஒரு நாள் தெர்மகோல் பெட்டியோடு வந்தார். மூடியைத் திறந்ததும், வாங்க மாட்டேன் என்று வழக்கம்போல ஒப்புக்குச் சொல்லத் தயாரானேன். உள்ளே நிறைய ஐஸ். ஐஸுக்கு நடுவில் மீன் இல்லை, லைட் இருந்தது.

பேட்டரி வீங்கிப் பின்மூடி திறந்துகொண்டதாம். மூன்று நாளாக மீனோடு மீனாக ஐஸில் வைத்திருக்கிறார். நடுவில் கொஞ்சம் வற்றினதுபோலத் தோன்றியதால் ஒரு முறை சார்ஜிலும் போட்டுப் பார்த்தாராம். புகைந்ததும் மறுபடி ஐஸிலேயே வைத்துவிட்டார். அட்டையின் முதல் வரி, இரண்டாம் வரி இரண்டையும் ஒரே சாமானில் மீறியவர் இவர் ஒருவர்தான். இது உள்ளே வாயு நிறைந்து வருகிற வீக்கம், எதை வைத்தாலும் வற்றாது, வீங்கின அன்றே அதன் கதை முடிந்தது என்று விளக்கினேன். மணலில் போட்டபோது அதன் வாடைக்குத் தெருப்பூனைகள் இரண்டு வாளியைச் சுற்றிவந்தன. சூசை அண்ணன் நான் சொன்னதை நம்பவில்லை.

"எனக்குப் பல்லு வீங்கினப்பம் ஒரு ராத்திரி ஐஸ் வச்சேன், வத்தீட்டு. இதுக்கு மூணு நாளா வச்சிருக்கேன், நீ சட்டம் பேசுதியே."

பொருந்தினால் சரி

ஞானசிகாமணி சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. எனக்கும் எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தார், ஆகவே அவர் வந்தால் ஸ்டூலைவிட்டு எழுந்து நிற்பேன். அவருடைய மருந்தடிக்கிற பம்பில் பழைய கனத்த பேட்டரியை மாற்றி லித்தியம் போட்டுக் கொடுத்திருந்தேன். புதுச் சார்ஜரும் கொடுத்தேன். சார் புதியதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, பழைய பேட்டரிக்கான சார்ஜரிலேயே போட்டு வந்திருக்கிறார். பம்பின் பெட்டி ஒரு பக்கம் உருகி வழிந்துவிட்டது. நல்லவேளை, போர்டு இருந்ததால் அத்தோடு நின்றது. இரண்டு சார்ஜருக்கும் சொருகுகிற பின் ஒன்றுதான், ஆனால் வேலை வேறு என்று நான் சொன்னதற்கு, பொருந்துகிறது என்றால் ஏறட்டும் என்றுதானே அர்த்தம் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். வாத்தியார் கேட்டால் தப்பு நம்முடையதுபோல ஒரு பயம் வரும், அது இன்னும் போகவில்லை.

பெட்டியின் உட்பக்கம் முழுக்கப் புகைக்கரி படிந்திருந்தது. என்ன சார் இது என்றேன். மழையில் நனைந்ததாம். ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைப்புரையில் தொங்கவிட்டாராம். தோட்டக்காரர்கள் வீடுகளில் இது வழக்கம்தான். அடியில் விறகும் தேங்காய்த் தொண்டும் கனலும், மேலே கம்புகளில் ஷீட் தொங்கும், அதன் நடுவில் நனைந்த பள்ளிக்கூடச் சட்டை, ஷூ, மிளகு, கருவாடு எல்லாம் தொங்கும். பேட்டரி தொங்கியதை அன்றுதான் கேள்விப்பட்டேன். சிரித்தேன். சிரித்துவிட்டு, அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதைவிட, ஒரு நாளில் வாத்தியாரை இரண்டு முறை திருத்தத் தைரியம் வரவில்லை என்பதுதான் சரி. அவர் போகும்போது சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது:

"நனைஞ்சது எதுவானாலும் புகைப்புரையில ரெண்டு நாளு தொங்கட்டு, தன்னால செரியாவும்."

ஏணி

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் வேலை பார்க்கிற முத்துக்குமார், டிரில்லும் ரெஞ்சும் கொண்டுவருவார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில், நான் வாய் திறக்குமுன்னே எல்லாம் தெரிந்துகொள்ளக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர். எந்தச் சார்ஜர், எவ்வளவு சூடு வரை பொறுக்கலாம், கீழே விழுந்த பேட்டரியை மறுபடி போடலாமா, எதைக் கண்டால் உடனே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். கோபுரத்துக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு பேட்டரியையும் கீழேயே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பாராம். எனக்கு ஆச்சரியம். படித்தவர்களே கேட்காததை நீங்கள் மட்டும் ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். நோட்டை மூடாமலே பதில் சொன்னார்:

"நீங்கல்லாம் தீப்பிடிச்சா ஓடிருவீங்க அக்கா. எனக்கு அங்க இருக்கது ஒரு ஏணி."

இரண்டே நாள்

இனித் தள்ளிப்போட முடியாது.

ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். ஞானசிகாமணி சாரின் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். அவள் கணவர் தங்கராஜ் அதே தோட்டத்தில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர், புகைப்புரைக்குத் தீப்போடுகிறவரும் அவரே. இருவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் குடியிருப்பது தோட்டத்து வீட்டில். ரப்பர்ப் பால் வெட்டு விடியுமுன் தொடங்குகிற வேலை. நெற்றியில் லைட், பின்தலையில் அதன் பேட்டரிப் பெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு பட்டை. லைட் இல்லையென்றால் வெட்டு இல்லை.

மூன்று வாரம் அடைமழை. மழையில் மரப்பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும், ஆகவே மூன்று வாரமாக வேலையே கிடையாது. வானம் வெளித்த அன்று சாயங்காலம் ஸ்டெல்லா லைட்டோடு வந்தாள். மறுநாள் முதல் வெட்டு. பெட்டியைப் பிரித்தேன். இரண்டு செல்லில் ஒன்று செத்துவிட்டது. போர்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. போர்டு என்பது விரல்நுனி அளவுதான். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், உள்ளே முனைகள் தொட்டுக்கொண்டாலும் கரண்டை வெட்டிவிடுகிற காவல்காரன் அதுதான். புதியது நாகர்கோவிலிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றேன். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன், எனக்கு அது பழக்கம். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு நாளும் வானம் இப்படியே இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

பழைய லாப்டாப் பேட்டரியிலிருந்து ஒரு செல்லை எடுத்தேன். போர்டைத் தாண்டி நேராக ஒரு கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தேன். காக்கா கண்ணாடிக்கு மேலாகச் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் காயில் சுற்றத் தொடங்கினார். இரண்டே நாள், புதன்கிழமை கொண்டுவர வேண்டும், நனையக் கூடாது, சூடானால் அந்த நிமிடமே கழற்றி எறிந்துவிட்டுப் போன் பண்ண வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். ஸ்டெல்லா லைட்டை நெற்றியில் மாட்டி எரியவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீ பயப்படாதட்டி. ரெண்டு நாளு என்னத்துக்கு, ஒண்ணர நாளுல கொண்டாந்துருவேன்."

புகைப்புரை

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமை போன் பண்ணினேன். வானம் வெளித்திருக்கிறது, ஒரு நாள்கூட விட முடியாது, மழை பெய்தால் அன்று வருகிறேன் என்றாள். புது போர்டும் செல்லும் வந்து, அவள் பெயர் எழுதிய கவரில் என் மேசைமேல் இருந்தன. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நான் ஏறவில்லை. நாளை, நாளை என்று எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் விடியற்காலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. அவளும் நனைந்தாள், லைட்டும் நனைந்தது. அன்று மத்தியானம் புகைப்புரை எரிந்தது. தங்கராஜ் போன் பண்ணினார். நான் போனபோது சுவர் நின்றது, கூரைத் தகடு சுருண்டு உள்ளே விழுந்திருந்தது, ரப்பர் எரிந்த நாற்றம் தோட்டம் முழுக்க இருந்தது. ஷீட்டுகளை வெளியே இழுக்க ஓடிய ஸ்டெல்லாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். புகைப்புரை எரிவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஷீட் ஒன்று கனலில் விழுந்தால் போதும். ஆகவே யாரும் வேறு காரணம் தேடவில்லை. சார் முற்றத்தில் குடையோடு நின்றார். தங்கராஜ் மழையில் நின்றார். தீயை அளவுக்கு மிஞ்சிப் போட்டவன் நீதான், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொள் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராஜ் தான் போட்ட விறகை மனதுக்குள் எண்ணுவதுபோலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சாம்பலில் என் காலடியில் ஒரு செல் கிடந்தது. தலை பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். அடிமுனையில் ஒரு பொட்டு ஈயம். நான் குனிந்து அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. சார் சொல்லிக்கொண்டிருந்தார்:

"தீ போடவும் தெரியணும், அடக்கவும் தெரியணும். ரெண்டும் தெரியாதவனுக்கு எதுக்கு வீடு?"

பின்மண்டை

செல்லைக் கொண்டுபோய் வாளி மணலில் புதைத்தேன். மற்றவர்கள் தப்பையெல்லாம் புதைத்த வாளிதானே. இரண்டு நாள் வேலை செய்தேன், ஒரு சாமானும் ஒழுங்காக முடியவில்லை. மூன்றாம் நாள் காக்கா மணலைச் சலித்துக் காயவைக்க வெளியே கொட்டினார். செல்லை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், அடிமுனையைத் திருப்பிப் பார்த்தார். "பிள்ளே, இது ஒனக்க ஈயமாக்கும்" என்று மட்டும் சொல்லி என் மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என் கைவேலை தெரியாதா? கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குலசேகரம் பஸ் ஏறினேன்.

முதலில் சார் வீடு. உட்காராமல் சொன்னேன்: செல் இது, போர்டு இல்லாமல் கட்டிக் கொடுத்தது நான், தங்கராஜ் தீயில் குறை இல்லை. சார் செல்லைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் காதைத் திருகுகிறவர் அவர். அன்று என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்த லைட்டை என்ன செய்வது என்று ஸ்டெல்லா அன்று காலை தன்னிடம்தான் கேட்டாள் என்றும், புகைப்புரையில் தொங்கப்போடு என்று சொன்னது தான்தான் என்றும் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அது தெரிந்திருந்தும் மூன்று நாளாகத் தங்கராஜை ஏசியிருக்கிறார். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. கூரைத் தகடு என் பொறுப்பு என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆளைக் கூப்பிட்டு, புதுப் புகைப்புரைக்கு விறகு பார்க்க வேண்டும், தங்கராஜை வரச் சொல் என்றார். மன்னிப்பு என்று அவர் வாயில் வந்தது அவ்வளவுதான்.

பிறகு ஸ்டெல்லா வீடு. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அதை மறைப்பானேன். அந்த லைட்டை நான்தானே அவள் தலையில் கட்டினேன், இந்த ஒன்பது நாளில் என்றைக்காவது தலையில் இருக்கும்போதே வெடித்திருந்தால், அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றேன். அவள் பயறு பொறுக்குவதை நிறுத்தவில்லை. குனிந்த தலையோடே சொன்னாள்:

"ரெண்டாவது நாளு முதலே பின்மண்டை சுட்டுக்கிட்டாக்கும் இருந்தது. சொன்னா நீ புடுங்கி மண்ணுல போட்டுருவ, பின்ன நான் எதை வச்சு வெட்டுவேன்? ஒரு துணிய மடிச்சு நடுவுல வச்சோண்டேன்."

அட்டையில் நாலாவது வரியாக, 'சூடானால் வந்து சொல்லவும், பிடுங்கி வைத்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன், மாற்று லைட் தருவேன்' என்று எழுதித் தொங்கவிட்டு இரண்டு மாதம் ஆகிறது, இதுவரை சூடு என்று வந்து சொன்னவர் லில்லி புஷ்பம் அக்கா ஒருவர்தான், அதுவும் தன் வீட்டு இட்லிக் குக்கரைப் பற்றி.